எழுத்தை வாடகை வீட்டில் வைக்கலாமா?

துறைமுகத்தை அண்டி வாழும் திருகோணமலை மக்களுக்கு ‘லொக் புத்தகம்’ புதிய சொல்லன்று. கப்பலின் வேகம், திசை, காற்று, வழியில் நிகழ்ந்தவை யாவும் நாள் தவறாமல் எழுதப்படும் பேரேடு அது. முற்காலத்தில் மரத்துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்து கப்பலின் வேகத்தை அளந்தார்கள். அந்த மரத்துண்டின் ஆங்கிலப் பெயரே பேரேட்டுக்கும் ஆகிவந்தது. 1997ஆம் ஆண்டில் ஜோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர் இணையக் குறிப்பேட்டுக்கு ‘வெப்லொக்’ என்று பெயரிட்டார். நாம் அதையே வலைப்பதிவு என்கிறோம். கப்பலில் மாலுமிகள் மாறுவர், தலைவரும் மாறுவார். பேரேடு மட்டும் கப்பலோடு இருக்கும். அதை யாரோ ஒருவரின் கிடங்கில் ஒப்படைத்துவிட்டு எந்தக் கப்பலும் நங்கூரம் தூக்குவதில்லை. இணையத்தில் தமிழ் எழுதும் நாமோ இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதைத்தான் செய்துவருகிறோம்.

மிகைப்படுத்துவதாக எண்ண வேண்டாம். ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணைய இடத்தை யாகூ நிறுவனம் 2009 ஒக்டோபரில் மூடியது. புளொக்கர் சேவை தொடக்கத்தில் நாம் எழுதியதைப் பக்கங்களாக்கி நமது சொந்த வழங்கிக்கே அனுப்பிவைத்தது. அந்த வசதியை 2010இல் கூகிள் நிறுத்தியது. பல பதிவுகளை ஓரிடத்தில் படிக்க உதவிய கூகிள் ரீடர் 2013இல் நின்றுபோனது. மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று உலகத் தமிழர் கூடி உரையாடிய மடற்குழுக்களுக்கு இடமளித்த யாகூ குழுமங்கள் சேவை 2020 டிசெம்பரில் முற்றாக மூடப்பட்டது. பழைய மடல்களும் கோப்புகளும் அதற்கு முன்னரே நீக்கப்பட்டுவிட்டன.

இவற்றில் சதி எதுவும் இல்லை. இலாபம் தராத கடையை வணிகர் மூடுகிறார். முன்னறிவித்தலும் தருகிறார். ஆனால் அந்த அறிவித்தல் வரும் நாளில் எழுதியவர் நோயுற்றிருக்கலாம், இடம்பெயர்ந்திருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். தமிழ்ச் செய்தித்தளம் ஒன்றில் நான் தொடர்ந்து எழுதிவந்தேன். பெயர் வேண்டாம். ஆண்டுக் கட்டணம் செலுத்தப்படாததால் அது ஒரே நாளில் மறைந்தது. எழுதியவர்களுக்கு ஒரு வரித் தகவல்கூட வரவில்லை. இத்தகைய அனுபவம் இல்லாத தமிழ் எழுத்தாளரைக் காண்பது அரிது.

ஆகவேதான் இக்கட்டுரையில் தொழில்நுட்பம் சார்ந்த ஒரு கருத்தை வலியுறுத்த விரும்புகிறேன். நமது எழுத்து நமது கையில் சாதாரணக் கோப்புகளாக இருக்க வேண்டும். அதை இணையத்தில் ஏற்றும் கருவி எதுவாகவும் இருக்கலாம், ஆனால் நினைத்த நேரத்தில் அந்தக் கருவியைக் கைவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். இதற்கு இன்று எளிதில் கிடைக்கும் வழி ‘ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர்’ எனப்படும் மென்பொருள். இனி அதை நிலைப்பக்க உருவாக்கி என்று குறிப்பிடுகிறேன்.

இந்த ஊருக்கு இது ஏன் அவசியம்?

திருகோணமலைக்கு இது பொழுதுபோக்கான விடயமன்று. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை எங்கள் கடற்கரையில் 5 மாணவர்கள் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்றே முதலில் சொல்லப்பட்டது. சுடர் ஒளி பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த ஒளிப்படங்கள் அவ்வுடல்களில் இருந்த துப்பாக்கிச் சூட்டுக் காயங்களை உலகுக்குக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவர் திருகோணமலை நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு படமும் அதன் கீழுள்ள இரண்டு வரி விளக்கமும் எத்தனை பெறுமதியானவை என்பதற்கு எங்கள் ஊர் கொடுத்த விலை அது.

அந்த ஆண்டுகளில் எழுதப்பட்டவற்றை இன்று தேடினால் எங்கே கிடைக்கும்? பத்திரிகைக் கட்டுகள் சில நூலகங்களில் உள்ளன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் பெருந்தொகையான இதழ்களை மின்வருடி வைத்திருக்கிறது. ஆனால் பிராந்திய நிருபர் அனுப்பிய செய்தியில் அச்சானது பாதிதான். மிகுதியை அவர் பின்னர் தமது வலைப்பதிவிலோ குழுமத்திலோ எழுதினார். சமாதான காலத்திலும், 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் தாக்கிய பின்னரும், 2006இல் மூதூர் மக்கள் இடம்பெயர்ந்தபோதும் அப்படி எழுதப்பட்டவை பல. அவற்றின் முகவரிகளைச் சொடுக்கினால் இன்று வெற்றுப் பக்கம் வருவது வழமையாகிவிட்டது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை நாம் மறக்கவில்லை. அங்கே தீ வைத்தவர் இருந்தார். இங்கே எவரும் தீ வைக்கவில்லை, கவனிப்பார் இல்லாமலே எழுத்து அழிகிறது.

அச்சகத்தை அறிந்தவருக்கு இது புதிதல்ல

ஈய எழுத்துக் காலத்தில் பத்திரிகை அலுவலகத்தைக் கண்டவர்கள் நிலைப்பக்க உருவாக்கியை உடனே விளங்கிக்கொள்வர். அச்சுக் கோப்பாளர் ஒரு பக்கத்தை ஒரு முறைதான் கோப்பார். மெய்ப்புப் பார்த்து, திருத்தி, பக்கத்தை முடுக்கி இயந்திரத்தில் ஏற்றினால் 10 பிரதியும் எடுக்கலாம், 10,000 பிரதியும் எடுக்கலாம். வாசகர் ஒவ்வொருவருக்காகவும் எவரும் மீண்டும் எழுத்துக் கோப்பதில்லை.

வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள் வேறு விதமாக இயங்குகிறது. கட்டுரை ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். வாசகர் வந்து கேட்கும்போது, வழங்கியில் இயங்கும் நிரல் தரவுத்தளத்திலிருந்து தலைப்பையும் உடலையும் எடுத்துப் பக்கத்தை அந்தக் கணத்தில் கோத்துக் கொடுக்கும். இதனால் நன்மைகள் உண்டு. ஆனால் தரவுத்தளம் பழுதானால் எல்லாக் கட்டுரைகளும் ஒருசேரப் போய்விடும். நிரலை அடிக்கடி புதுப்பிக்காவிட்டால் விஷமிகள் உட்புக வழி திறக்கும். வழங்கிக்கான வாடகையையோ பெரும்பாலும் டொலரில் கட்ட வேண்டும். 2022இல் சில மாதங்களுக்குள் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டியபோது, இலங்கையில் இருந்து சிறு தளங்களை நடத்தியவர்களுக்கு அந்த வாடகை எவ்வளவு பாரமாயிற்று என்பது எங்களுக்குத் தெரியும்.

நிலைப்பக்க உருவாக்கி உங்கள் கணினியிலேயே எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே கோத்து, ஒரு கோப்புறையில் அடுக்கித் தருகிறது. அந்தக் கோப்புறையை அப்படியே வழங்கியில் ஏற்றினால் வேலை முடிந்தது. அங்கே தரவுத்தளமும் இல்லை, உடைத்துப் புகுவதற்கு நிரலும் இல்லை. பக்கங்கள் இலேசானவை. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் துண்டிக்கப்பட்ட 2022 மார்ச் போன்ற நாட்களில், கைத்தொலைபேசியில் எஞ்சியிருக்கும் சிறிது மின்னோடும் மெதுவான இணைப்போடும் படிக்க வரும் வாசகருக்கு இந்த இலேசு ஓர் உபகாரம்.

இம்முறை நேற்று வந்ததும் அல்ல. 2001இல் வெளிவந்த மூவபிள் டைப் என்ற வலைப்பதிவு மென்பொருள் பக்கங்களை இவ்வாறு முன்கூட்டியே கோத்து வைத்தது. அதன் பெயரே அச்செழுத்தைக் குறிப்பதுதான். 2008இல் வந்த ஜெக்கில், 2013இல் வந்த ஹியூகோ ஆகியன அதே வழியில் வந்தவை. இவை இலவசமானவை, மூல நிரல் திறந்திருப்பவை. ஜெக்கிலுக்கு ரூபி என்ற மொழியை முதலில் நிறுவ வேண்டும். ஹியூகோ ஒரே ஒரு கோப்பாகக் கிடைக்கிறது. கணினிக்குப் புதியவரான மூத்த எழுத்தாளருக்கு நான் ஹியூகோவையே பரிந்துரைப்பேன்.

அமைப்பது எவ்வாறு?

ஹியூகோவைக் கணினியில் நிறுவி, புதிய தளம் ஒன்றை உருவாக்குமாறு ஒரு கட்டளை கொடுத்தால் சில கோப்புறைகள் தோன்றும். அவற்றில் நமக்கு முக்கியமானவை மூன்று. உள்ளடக்கக் கோப்புறையில் கட்டுரைகள் இருக்கும். வார்ப்புருக் கோப்புறையில் பக்க அமைப்பு இருக்கும். அமைப்புக் கோப்பில் தளத்தின் பெயர், முகவரி, மொழி முதலிய விவரங்கள் இருக்கும். பத்திரிகை மொழியில் கூறினால் பிரதி, பக்க வடிவமைப்பு, பத்திரிகைத் தலைப்பு என்ற மூன்றும் தனித்தனியே உள்ளன.

கட்டுரையை எந்தச் சாதாரண எழுதியிலும் எழுதலாம். மேலே நான்கைந்து வரிகளில் தலைப்பு, திகதி, பகுப்பு ஆகியவற்றைக் குறித்துவிட்டு, கீழே கட்டுரையை மார்க்டவுன் முறையில் எழுத வேண்டும். இது ஜோன் குரூபர் என்பவர் 2004இல் வெளியிட்ட எளிய குறியீட்டு முறை. பத்திக்கு ஒரு வெற்று வரி, துணைத் தலைப்புக்கு முன்னால் இரட்டைக் கட்டக்குறி, தடித்த எழுத்துக்கு இருபுறமும் இரண்டு நட்சத்திரக் குறிகள், அவ்வளவுதான். முப்பது ஆண்டுகள் கழித்து ஹியூகோ என்ற மென்பொருளே இல்லாமற் போனாலும் அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழ் தமிழாகவே தெரியும். நான் இந்த முறையை ஆதரிப்பதற்கு முதற் காரணம் இதுவே.

இடத்தைப் பற்றிய கவலையும் வேண்டாம். ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் இடம் கொள்கிறது. அந்தக் கணக்கில் 1,000 சொற்கள் கொண்ட கட்டுரை ஏறத்தாழ 27 கிலோபைட். அப்படி 1,000 கட்டுரைகள் எழுதினாலும் 27 மெகாபைட் அளவில் அடங்கும். கைத்தொலைபேசியில் எடுக்கும் படங்கள் ஏழெட்டுக்கு மேல் அந்த இடம் போதாது. ஒரு பத்திரிகையாளரின் வாழ்நாள் எழுத்தை விரல் அளவிலான பென்டிரைவில் போட்டு, பத்துப் பிரதி எடுத்து, பத்து நாடுகளில் உள்ள உறவினருக்கு அனுப்பிவைக்கலாம்.

தோற்றத்துக்கு ஆயத்த வார்ப்புருக்கள் நூற்றுக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றைத் தெரிவுசெய்த பின் அதன் கோப்புகளில் நேரடியாகக் கைவைக்கக் கூடாது. மாற்ற விரும்பும் கோப்பை மட்டும் உங்கள் சொந்த வார்ப்புருக் கோப்புறையில் அதே பெயரில் பிரதி செய்து அங்கே திருத்துங்கள். ஹியூகோ முதலில் உங்கள் கோப்பையே பார்க்கும், அது இல்லாவிட்டால்தான் வாங்கிய வார்ப்புருவுக்குப் போகும். நாளை அந்த வார்ப்புருவின் புதிய பதிப்பு வரும்போது உங்கள் திருத்தம் அழியாது.

தமிழுக்கென்று செய்ய வேண்டியவை

வார்ப்புருக்களை ஆக்குவோர் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனதிற்கொண்டே ஆக்குகின்றனர். தமிழ்ப் பக்கத்துக்குச் சில மாற்றங்கள் இன்றியமையாதவை. நம் எழுத்துகளுக்கு மேலே புள்ளியும், கீழே சுழியும் உண்டு. வரிகளுக்கிடையில் ஆங்கிலத்தைவிட அதிக இடைவெளி விட வேண்டும். மேற்கோளைச் சாய்வெழுத்தில் காட்டும் வழக்கம் தமிழுக்கு ஒவ்வாது, அதை நீக்கிவிட்டு ஓரம் தள்ளிக் காட்டலாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. தலைப்பின் எழுத்தளவைக் குறைக்காவிட்டால் கைத்தொலைபேசியின் திரையில் ஒரு சொல்லே விளிம்பைத் தாண்டி ஓடும். நோட்டோ போன்ற கட்டற்ற தமிழ் எழுத்துரு ஒன்றைத் தளத்தோடு சேர்த்தே வைப்பதும் நன்று. ‘வாசிக்க இத்தனை நிமிடம்’ என்று காட்டும் வரியை எடுத்துவிடுங்கள். ஹியூகோ நிமிடத்துக்கு 213 சொற்கள் என்று கணக்கிடுகிறது. ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் சொல்வதை நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடும்போது அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

கட்டுரைகளின் பொருட்பட்டியலை அகரவரிசையில் காட்ட விரும்புவோர் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. கணினி வெறும் ஒருங்குறி எண்ணின் வரிசையில் அடுக்கினால் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ஜகரம் சகரத்துக்கு அடுத்தும் வந்து நிற்கும். நம் நெடுங்கணக்கு வரிசை அதுவன்று. அமைப்புக் கோப்பில் மொழியைத் தமிழ் என்று அறிவித்துவிட்டு, பட்டியல் சரியாக வருகிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். கட்டுரையின் முகவரியைத் தமிழில் வைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பிரதி செய்து மின்னஞ்சலில் ஒட்டினால் ஒவ்வொரு குறியீடும் 9 எழுத்துகளாக விரிந்து அரைப் பக்கத்தை நிரப்பும். ஆங்கில எழுத்தில் சுருக்கமான முகவரி ஒன்றைக் கொடுப்பதே உசிதம். ஒருமுறை கொடுத்த முகவரியைப் பின்னர் மாற்றவே கூடாது.

நேர வலயம் பலரைத் திணறடிக்கும். திகதியோடு வலயத்தைக் குறிக்காவிட்டால் ஹியூகோ அதைக் கிறீனிச் நேரமாகக் கொள்ளும். காலை 8 மணி என்று நீங்கள் எழுதினால் அது இலங்கையில் பிற்பகல் 1.30 ஆகும். இன்னும் வராத நேரம் என்று கருதிக் கட்டுரையை அது விட்டுவிடும். நேரம் வந்த பின்னரும் தானாக வெளியிடாது, பக்கங்களை மீண்டும் உருவாக்க வேண்டும். அமைப்புக் கோப்பில் நேர வலயத்தைக் கொழும்பு என்று ஒரு வரியில் குறித்தால் தீர்ந்தது. இதில் பழைய கட்டுரைகளுக்கும் ஒரு நன்மை உண்டு. 1996இல் இலங்கையின் கடிகாரங்கள் மாற்றப்பட்டன. அந்த ஒக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை இந்நாட்டு நேரம் கிறீனிச்சிலிருந்து 6 மணித்தியாலம் முந்தியிருந்தது. வன்னியில் பழைய நேரம், இங்கே புதிய நேரம் என்று நாம் வாழ்ந்ததை வாசகர் சிலர் நினைவுகூர்வர். கொழும்பு என்று குறித்தால் அந்தப் பத்தாண்டுக் கணக்கையும் கணினி சரியாகவே பார்த்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் கடினமானது பழைய எழுத்தை மீட்பது. இலங்கையில் பத்திரிகைத்துறையும் அச்சகங்களும் நெடுங்காலம் பாமினி எழுத்துருவையே கையாண்டன. அந்தக் கோப்பில் இருப்பது உண்மையில் தமிழன்று. ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் அதில் பதிவாகியிருக்கும். எழுத்துரு உள்ள கணினியில்தான் அது தமிழாகத் தோன்றும். சுரதா யாழ்வாணன் போன்றோர் பயன் கருதாது ஆக்கித் தந்த மாற்றிகளால் அவற்றை ஒருங்குறிக்குக் கொண்டுவரலாம். மாற்றிய பின் ஒவ்வொரு கட்டுரையையும் மெய்ப்புப் பார்க்க வேண்டும், ஏனெனில் இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களும் சுருக்கங்களும் சிதைந்திருக்கும். புளொக்கரிலிருந்து வெளியேறுவோருக்கு எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கும் வசதி உண்டு. அதில் எழுத்துகள் வரும், படங்கள் வரா. படங்களின் முகவரிகள் மட்டுமே இருக்கும். அவற்றைத் தனியே இறக்கிச் சேர்க்காவிட்டால் நமது ஒளிப்படங்கள் பழைய வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

செய்தியாளர் கவனிக்க வேண்டியவை

கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்க ‘கிட்’ என்ற மென்பொருள் உண்டு. எந்த வரி என்று திருத்தப்பட்டது என்பதை அது காத்து வைக்கும். பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். இணையத்திலோ ஓசைப்படாமல் வரியை மாற்றிவிட்டு, அப்படி எழுதவே இல்லை என்று சாதிப்பவர்கள் பெருகிவிட்டனர். கட்டுரையின் அடியில் கடைசியாகத் திருத்திய திகதியைக் கிட்டிலிருந்தே எடுத்துக் காட்டுமாறு ஹியூகோவைப் பணிக்கலாம். செய்தி எழுதுவோர் அனைவரும் அதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் இதே மென்பொருளில் ஆபத்தும் இருக்கிறது. வரைவு என்று குறித்த கட்டுரை வெளியான தளத்தில் தெரியாது. எனினும் உங்கள் கோப்புக் கிடங்கு பொதுவில் திறந்திருந்தால் அதே வரைவை எவரும் படிக்கலாம். பின்னர் அழித்தாலும் பழைய பதிப்பு வரலாற்றில் கிடக்கும். தகவல் தந்தவரின் பெயரோ ஊரோ உள்ள குறிப்பு எதையும் அந்தக் கிடங்கில் வைக்காதீர்கள். கிடங்கையும் தனிப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஹியூகோ வெளியீட்டுக் கோப்புறையில் உள்ள பழைய பக்கங்களைத் தானாக நீக்குவதில்லை. திரும்பப் பெற்ற கட்டுரை அங்கேயே தங்கி மீண்டும் வழங்கிக்குப் போகக்கூடும். ஆகவே ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்புறையை வெறுமையாக்கிய பின் உருவாக்குவது பாதுகாப்பு. மூன்றாவது, கைத்தொலைபேசிப் படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் மறைந்திருக்கும். ஏற்றுமுன் அவற்றை நீக்க வேண்டும். ஒரு படத்துக்காக உயிர் போன ஊரில் இருந்து எழுதுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சில ஆட்சேபங்கள்

‘முகநூலில் எழுதினால் அன்றே ஆயிரம் பேர் படிக்கிறார்களே, யார் உங்கள் தனித்தளத்தைத் தேடி வரப்போகிறார்கள்?’ என்று இளம் செய்தியாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் செழித்திருந்த காலத்தில், எங்கே எழுதினாலும் வாசகர் அங்கே வந்து சேர்ந்தனர். இன்று அந்த நிலை இல்லை. ஆகவே முகநூலைக் கைவிடும்படி நான் கூறவில்லை. முதலில் சொந்தத் தளத்தில் வெளியிடுங்கள், பிறகு இணைப்பை முகநூலில் பகிருங்கள். 2018 மார்ச்சில் கண்டி வன்செயல்களின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரலிலும் இந்நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. செய்தி மிகவும் தேவைப்பட்ட நாட்கள் அவை. மேலும், பத்தாண்டுக்கு முன் முகநூலில் எழுதிய ஒரு குறிப்பைத் தேடி எடுத்துப் பாருங்கள். கிணற்றில் விழுந்த ஊசியைத் தேடுவது போலிருக்கும்.

‘கிட்ஹப் போன்ற இலவச இடத்தில் தளத்தை வைத்தால் அதுவும் வாடகை வீடுதானே?’ என்றும் கேட்கலாம். உண்மைதான். அந்நிறுவனம் 2018 முதல் மைக்ரோசொஃப்ட்டின் கையில் இருக்கிறது. நாளை என்ன ஆகும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இங்கே தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் நம்முடையது. வீட்டுக்காரர் வெளியேறச் சொன்னால் அதே கோப்புறையை அன்றிரவே வேறிடத்தில் ஏற்றலாம். சொந்தப் பெயரில் ஆள்களப் பெயர் ஒன்றை வாங்கி வைத்திருந்தால் வாசகருக்கு இடம் மாறியதே தெரியாது. பணம் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் அதுதான். 2007இல் தமிழ்நெற் இலங்கையில் முடக்கப்பட்டபோது நாம் கண்டதுபோல, ஒரு முகவரியை அடைப்பது அதிகாரத்துக்கு எளிது. ஒரு கோப்புறையைப் பத்து இடங்களில் பிரதி செய்வது நமக்கும் எளிது.

தொழில்நுட்பத்தால் ஆகாதவையும் உண்டு. 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் முகநூலுக்கும் பொருந்தும், சொந்தத் தளத்துக்கும் பொருந்தும். எழுதுவதன் பொறுப்பிலிருந்து எந்த மென்பொருளும் நம்மை விடுவிக்காது. பின்னூட்டப் பெட்டி இந்தத் தளங்களில் இயல்பாக இல்லை, மின்னஞ்சல் முகவரி கொடுத்து வாசகர் கடிதமாகப் பெற்றுக்கொள்ள வேண்டியதுதான். கைத்தொலைபேசியில் மட்டும் எழுதுபவருக்கு இம்முறை இன்னும் சிரமமானது. கறுப்புத் திரையில் கட்டளை எழுதக் கூச்சப்படுபவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் வீட்டிலோ அயலிலோ கணினி படிக்கும் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரு பிற்பகல் அந்தப் பிள்ளையோடு உட்காருங்கள். தளம் நின்றுவிடும். பிறகு புதிய கட்டுரைக்கு நீங்கள் பயன்படுத்தப்போவது இரண்டு மூன்று கட்டளைகள்தான்.

அந்தப் பிள்ளையை அருகில் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. என் தலைமுறைப் பத்திரிகையாளர் பலர் எழுபதைத் தாண்டிவிட்டனர். நாம் போன பின் ஆள்களப் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுவது யார்? கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? பிரெட்ரிக் கோட்டை வாசலில், போர்த்துக்கீசர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த கோணேசர் கோயிலின் கல்வெட்டு ஒன்று பதிந்திருக்கிறது. கல்லில் வெட்டியதால் எழுத்து நின்றது. ஆனாலும் சிதைந்துபோன பகுதிகளை நிரப்ப ஆய்வாளர்கள் இன்றும் முயல்கிறார்கள். முழுமையாக இருந்த காலத்தில் எவரேனும் ஒரு பிரதி எழுதி வைத்திருந்தால் அந்த இடர்ப்பாடு இருந்திராது. நம் கோப்புறையின் ஒரு பிரதி பிள்ளைகளிடம் இருக்கட்டும். இன்னொன்று நூலகம் திட்டம் போன்ற பொது நிறுவனத்திடம் இருக்கட்டும். அமைப்புக் கோப்பில் இணைப்பு பற்றிய இரண்டொரு வரிகளை மாற்றினால், இணையமே இல்லாமல் பென்டிரைவில் இருந்தும் முழுத் தளத்தையும் படிக்கலாம்.

எனவே இக்கட்டுரையைப் படிக்கும் சக எழுத்தாளர்களுக்கு, அவர்கள் ரொறன்ரோவில் இருந்தாலும் மூதூரில் இருந்தாலும், ஒரு வேண்டுகோள். தோற்றத்தைப் பற்றி இப்போதைக்கு யோசிக்காதீர்கள். வார்ப்புரு பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த வாரம் உங்கள் பழைய பதிவுகளை இறக்கிக் கணினியில் ஒரு கோப்புறையில் போடுங்கள். பாமினியில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். படங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் யார், எங்கே, எப்போது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எழுதக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.